பகிடியும் வதையும்: மாணவர் பாதுகாப்புப் பற்றியதொரு விமர்சன நோக்கு

'றாகிங்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈழத்துத் தமிழ் வழக்கு தந்துள்ள பெயர் 'பகிடிவதை' என்பதாகும். இரு சொற்களின் சேர்க்கையான இப்பெயர் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பகிடி என்பது சமமானோர் தம்முள் பரிமாறிக்கொள்வது. கேட்பவரும் சேர்ந்து சிரிக்கும்போதே அது பகிடியாகும். வதையோ ஒருவரிடம் அதிகாரமும் மற்றவரிடம் அச்சமும் இருக்குமிடத்து நிகழ்வது. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது, இவ்வழக்கத்தை நமது சமூகம் நோக்கும் முறையிலுள்ள முரண்பாட்டையே வெளிப்படுத்துகின்றது. செய்பவர் சொல்லின் முற்பாதியையும் அனுபவிப்பவர் அதன் பிற்பாதியையும் கேட்கின்றனர். பெற்றோர், விரிவுரையாளர், எழுத்தாளர் ஆகியோரிற் பலர் முற்பாதியையே கேட்கப் பழகியுள்ளனர்.

மாணவர் பாதுகாப்பு என்றதும் தமிழ்ப் புலமையாளர் மனத்தில் முதலில் எழுவது புறத்தேயிருந்து வரும் ஆபத்தாகும். அதற்கு வேண்டிய வரலாற்று நியாயம் உண்டு. 1983 மே மாதத்திற் பேராதனை வளாகத்திலே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். 2016 ஒக்ரோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர், குளப்பிட்டிச் சந்திக்கருகே பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்த சம்பவத்தில் உயிரிழந்தனர். அவ்வேளையில் மாணவர் ஒன்றுதிரண்டு நீதி கோரினர், அது போற்றத்தக்கதே. ஆயின் 1997இற் பேராதனைப் பொறியியற் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர் சிரேட்ட மாணவரின் வதைக்குள்ளாகிச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னர், 1975இல், அதே பல்கலைக்கழகத்தின் மாணவி ஒருவர் பகிடிவதையிலிருந்து தப்பும் பொருட்டு விடுதியின் மேல்மாடியிலிருந்து குதித்து நடக்கும் ஆற்றலை இழந்தார். 2002இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இவ்விரு நிகழ்வுகளிலும் ஆபத்து அடுத்த அறையிலிருந்தே வந்தது. புற ஒடுக்குமுறையைப் பற்றி நாம் வளர்த்துக்கொண்ட கூர்மையான சொல்லாட்சி, அக ஒடுக்குமுறையின் முன்னே ஊமையாகிவிடுவது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

இதற்கான விடையின் ஒரு பகுதி முற்போக்காளரிடமே உள்ளது. பகிடிவதைக்கு முற்போக்குச் சிந்தனையின் பெயரால் ஒரு நியாயம் கூறப்பட்டு வந்துள்ளது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், பின்னர் 1960களிற் பல்கலைக்கழகம்வரை பரவிய தாய்மொழிப் போதனையும், கிராமப்புற ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளை வளாகத்தினுட் கொண்டுவந்தன. அங்கே ஆங்கிலமும் நாகரிக உடையும் மேற்குடியின் அடையாளங்களாக நின்றன. சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள், என்னும் பெயர் ஏற்பட்டமை அக்காயத்தின் ஆழத்தைக் காட்டும். எனவே, புதுமுக மாணவர் யாவரும் ஒரே வகையான எளிய உடை அணியவேண்டும், ஆங்கிலம் பேசலாகாது என்பன போன்ற கட்டளைகள் வர்க்க வேறுபாட்டை அழிக்கும் கருவிகளென விளக்கப்பட்டன.

இவ்விளக்கம் எதிர்கொள்ளும் காயம் உண்மையானது. அது முன்வைக்கும் பரிகாரமோ பொய்யானது. முதலாவதாக, இங்கே உருவாவது அடிமைகளின் சமத்துவமேயாகும். புதியவர் தம்முட் சமமாக்கப்படுவது ஒரு மேல்நிலையாளரின் முன்னே ஒருசேரத் தலைகுனிவதற்காகவே. சாதியமைப்பிற் பிறப்பு வகிக்கும் இடத்தை இங்கே அனுமதி பெற்ற ஆண்டு வகிக்கின்றது. 'அண்ணா', 'அக்கா' என்னும் உறவுச் சொற்களும் அன்பின் அடையாளம் என்ற நிலையிலிருந்து இறங்கி, கீழ்ப்படிவின் அடையாளங்களாக வற்புறுத்திப் பெறப்படுகின்றன. இன்று பணிபவன் அடுத்த ஆண்டு பணிய வைக்கலாம் என்ற வாக்குறுதியே இவ்வமைப்பை நிலைபெறச் செய்கின்றது.

இரண்டாவதாக, வசதி படைத்தோருக்கு இதிலிருந்து விலகும் வழிகள் பல உண்டு. அவர்கள் வீட்டிலிருந்து வந்து போகலாம். செல்வாக்குள்ள உறவினரை நாடலாம். தனியார் நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ செல்லலாம். வன்னியின் உட்கிராமமொன்றிலிருந்தோ மலையகத் தோட்டமொன்றிலிருந்தோ வந்து விடுதியிலே தங்கும் மாணவருக்கு அத்தகைய வாயில்கள் இல்லை. படிப்பை இடைநிறுத்தி வீடு திரும்பும் ஏழை மாணவர் இழப்பது, ஒரு குடும்பம் தலைமுறை கடந்து பெற்ற ஒரேயொரு வாய்ப்பையாகும். ஆகவே, வர்க்க விரோதம் எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் வழக்கம் ஒடுக்கப்பட்ட வர்க்கத்தின் பிள்ளைகளையே கடுமையாகத் தண்டிக்கின்றது. மூன்றாவதாக, பாலியல் இழிசொற்களாலும் கட்டளைகளாலும் மாணவியரை அவமதிப்பது எந்தச் சமத்துவத்தை வளர்க்கின்றது? வெளியுலகின் ஆணாதிக்கம் எவ்வித மாற்றமுமின்றி வளாகத்தினுள் மறு உற்பத்தி செய்யப்படுகின்றது என்பதே உண்மை.

விடையின் மற்றொரு பகுதி, முறையிடுதலுக்கு நாம் சூட்டியுள்ள பெயரில் உள்ளது. வதைக்குள்ளானவர் நிருவாகத்திடம் முறையிட்டால் அது 'காட்டிக்கொடுத்தல்' எனப்படுகின்றது. கடந்த அரை நூற்றாண்டுத் தமிழ் அரசியலில் இச்சொல் பெற்ற பாரம் யாவரும் அறிந்ததே. அச்சொல்லின் பெயரால் உயிர்கள் பறிக்கப்பட்டுள்ளன. அதே சொல் விடுதி அறைக்குள் எடுத்தாளப்படும்போது, துன்புறுத்தியவர் இனத்தின் அல்லது பீடத்தின் பிரதிநிதியாகவும் துன்புற்றவர் துரோகியாகவும் மாறிவிடுகின்றனர். ஒற்றுமை என்னும் உயர்ந்த விழுமியம் இவ்வாறு மௌனத்தைக் காக்கும் காவலாளியாக்கப்படுகின்றது.

சட்டம் இம்மௌனத்தை உடைக்குமா? 1997ஆம் ஆண்டு மரணத்தை அடுத்து, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. உடற்காயத்தோடு உளக்காயம், மனவேதனை, அச்சம் ஆகியவற்றை விளைக்கும் செயல்களையும் அது பகிடிவதை என வரையறுத்தது. அதற்கு 2 ஆண்டுவரை சிறைத்தண்டனையும், அதன்போது பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவிப்போருக்கு 10 ஆண்டுவரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். நம் வழக்குச் சொல் மறைத்ததைச் சட்டத்தின் சொல் வெளிக்கொணர்ந்தமை பெறுமதிமிக்கதே. ஆயினும் முறைப்பாடின்றிச் சட்டம் இயங்குவது அரிது. முறையிடுபவர் துரோகி எனப்படும் சூழலில் முறைப்பாடு பிறப்பதும் அரிது. மேலும், அதே சட்டம் கல்வி நிறுவனங்களின் கட்டடங்களைப் பலவந்தமாகக் கைப்பற்றியிருத்தலையும் குற்றமாக்கியது. மாணவரின் உடலையும் உள்ளத்தையும் காக்கப் பிறந்த சட்டம், மாணவர் போராட்டங்களுக்கு எதிராகவும் பயன்படத்தக்கதாக அமைந்தது. மாணவர் இயக்கங்கள் இச்சட்டத்தை ஐயத்தோடு நோக்குவதற்குக் காரணம் உண்டு. அந்த ஐயம் வதைப்போருக்குக் கேடயமாக அமைவதை மட்டும் ஏற்றுக்கொள்ள இயலாது.

இங்கேதான் மாணவர் ஒன்றியங்களின் வரலாற்றுப் பொறுப்பு எழுகின்றது. பாதுகாப்பை நிருவாகத்திடமும் பொலிசாரிடமும் முற்றாக ஒப்படைக்க விரும்பாத இயக்கம், அதனைத் தானே ஏற்று நடத்த வேண்டும். புதுமுக மாணவர் அச்சமின்றி முறையிடுவதற்கான வழியை ஒன்றியமே அமைத்தல், முறையிட்டவரைப் பழிவாங்கலிலிருந்து காத்தல், வதைத்தவருக்குப் பதவிகளை மறுத்தல் ஆகியன அதன் குறைந்தபட்சக் கடமைகளாகும். ஆங்கிலத்தாற் காயமுற்ற மாணவருக்கு வேண்டியது இன்னொருவரின் வாயை அடைத்தலன்று. தாமும் அம்மொழியைக் கற்பதற்கான வாய்ப்பாகும். சிரேட்ட மாணவர் தம் மாலைப்பொழுதுகளை அதற்கு அளிப்பாராயின், சமத்துவம் என்னும் சொல் அங்கே பொருள்பெறும்.

அரசின் வன்முறையைக் கண்டிக்கும் தார்மிக உரிமை, நமது விடுதிகளில் நிகழ்வதைக் கண்டிக்கும் துணிவினாலேயே அளக்கப்படும். ஒரு புதுமுக மாணவர் 'முடியாது' என்று சொல்லிவிட்டு அன்றிரவு அச்சமின்றி உறங்க இயலுமா என்பதே, எந்தப் பல்கலைக்கழகத்தினதும் எந்த மாணவர் இயக்கத்தினதும் முற்போக்குத் தன்மைக்கு உரைகல்லாகும்.