ரூட்டர் கையேடு சொல்லாமல் விட்டவை

வீட்டுக்கு இணைய இணைப்பைப் பகிர்ந்தளிக்கும் ரூட்டரை வாங்கினால், பெட்டிக்குள் ஒரு மடிப்புத் தாளும் இருக்கும். ‘விரைவுக் கையேடு’ என்பது அதன் பெயர். பலர் அதைப் பிரிப்பதே இல்லை. ஆயினும், ஒரு நூலை மதிப்பிடுவது போல இத்தாளையும் மதிப்பிட வேண்டியிருக்கிறது. ஏனெனில், இதன் குறைகள் நம் வீட்டோடு நின்றுவிடுவதில்லை.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். எந்த வயரை எங்கே செருகுவது, எந்த விளக்கு எரிய வேண்டும் என்பவற்றைப் படங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. பள்ளி மாணவர்கூட அவற்றைப் பார்த்து இணைத்துவிடலாம்.

இடறல் அடுத்த படியில் தொடங்குகிறது. ‘பிரௌசரில் 192.168.1.1 என்று தட்டச்சு செய்க’ என்கிறது தாள். இது என்ன எண்? பக்கத்து வீட்டு ரூட்டருக்கும் இதே எண் இருப்பது எப்படி? தாளில் விடை இல்லை. விளக்கமோ எளியது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் வழங்குவதற்கெனச் சில முகவரி எண்களை 1996-இல் வகுத்த விதி ஒதுக்கி வைத்தது. 192.168 எனத் தொடங்குபவை அவற்றுள் ஒரு தொகுதி. தெருவுக்குத் தெரு ஒன்றாம் எண் வீடு இருப்பது போன்றதே இது. நீங்கள் திறக்கும் பக்கம் ரூட்டருக்குள்ளேயே இருக்கிறது. இணைய இணைப்பு அறுந்திருக்கும்போதும் அது திறப்பது இதனால்தான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ரூட்டருக்குக் கடவுச்சொற்கள் இரண்டு. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றது ரூட்டரின் அமைப்புகளையே மாற்றுவதற்கு. முன்னது வீட்டு வாசல் சாவி என்றால், பின்னது பீரோச் சாவி. கையேடுகள் பலவும் முன்னதை மாற்றச் சொல்லிவிட்டு, பின்னதைப் பற்றிப் பேசாமலே முடிந்துவிடுகின்றன. அங்கே பயனர் பெயரும் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’ என்று ஆலையில் வைத்தபடியே இருந்துவிடுகிறது.

இதனால் என்ன கேடு? 2016-இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல் பரவியது. ஆலைகள் வைத்துவிட்ட ஏறத்தாழ 60 பெயர், கடவுச்சொல் ஜோடிகளே அதன் கைச்சரக்கு. வெளியிலிருந்து நுழைய வழியுள்ள ரூட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் தேடி, அவற்றில் ஒவ்வொரு ஜோடியாகப் போட்டுப் பார்த்தது. திறந்த கருவிகள் எல்லாம் அதன் படையில் சேர்ந்தன. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, இணைய முகவரிகளைக் காட்டித் தரும் ‘டைன்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது இத்தகைய கருவிகள் ஒருசேரக் கோரிக்கைகளைக் கொட்டின. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் திறக்கவில்லை. கருவிகளின் உரிமையாளர்களோ ஒன்றும் அறியாதிருந்தனர்.

‘கடவுச்சொல்லை மாற்றாதது வாங்கியவர் தவறுதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். ஊருக்கெல்லாம் ஒரே சாவியில் திறக்கும் பூட்டை விற்றவரைக் கேட்காமல், வாங்கியவரை மட்டும் குறை கூறுவது எப்படி நியாயமாகும்? மேலும், மிராயிடம் சிக்கிய சில கருவிகளில் அச்சொல்லை மாற்றும் வசதியே உரிமையாளருக்குத் தரப்படவில்லை.

சட்டங்களும் இந்நியாயத்தை ஏற்றுள்ளன. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், கருவிக்குக் கருவி வேறான கடவுச்சொல்லோ, முதற் பயன்பாட்டிலேயே புதியது அமைக்கும் கட்டாயமோ வேண்டும் என்கிறது. பிரிட்டனிலும் 2024 ஏப்ரல் 29 முதல் இத்தகைய விதி உள்ளது. இன்று புதிய ரூட்டர்கள் பலவற்றின் அடியில் தனித்தனிக் கடவுச்சொல் ஒட்டப்பட்டிருப்பது நல்ல மாற்றமே. ஆனால் பழைய கருவிகள் இன்னும் நம் அலமாரிகள் மேல் விளக்கெரிய இருக்கின்றன.

ஆகவே, கையேடு விட்ட இடத்திலிருந்து நீங்கள் தொடருங்கள். ரூட்டரின் அடியிலுள்ள முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே நுழையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை நீளமானதாக மாற்றி, நோட்டில் குறித்து வையுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி தேவையில்லையெனில் அணைத்துவிடுங்கள். வைஃபை காப்புமுறையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். கருவியின் உள்நிரலுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் ஏற்றுங்கள். அரை மணி நேர வேலைதான்.

கையேடு எழுதுவோர் இந்த ஐந்தாறு வரிகளை அச்சிட இன்னொரு மடிப்புத் தாள்கூடத் தேவையில்லை. இருக்கும் தாளின் பின்பக்கமே போதும்.