திரைவழிச் சமரசம்: ஒரு மதிப்பீடு

பெருந்தொற்றுக் காலத்தில் சமரசப் பேச்சுகள் இணையத்துக்கு மாறியதை வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எத்தனை வழக்குகள் முடிந்தன என்பதே அந்தக் கதையின் அளவுகோல். அது போதாது. சமரசம் தனக்கென்று மூன்று நெறிகளை வகுத்துக்கொண்டிருக்கிறது: முடிவெடுப்பவர்கள் தரப்பினரே; பேசியது வெளியே போகாது; சமரசர் யார் பக்கமும் சாயமாட்டார். திரைவழி அமர்வையும் இவற்றைக் கொண்டே எடைபோட வேண்டும்.

2005-இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய தமிழ்நாடு சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரசத்துக்கு நாட்டிலேயே முன்னோடி. அங்கு வேரூன்றிய முறை நேர்ச் சந்திப்பை நம்பியது. முதலில் கூட்டு அமர்வு: வக்கீல் உடனிருந்தாலும் தரப்பினர் தம் வாயாலேயே குறையைச் சொல்வார், எதிரே இருப்பவர் குறுக்கிடாமல் கேட்பார். பிறகே தனி அமர்வு. 2020 மார்ச் ஊரடங்கு இந்த முறையின் அடித்தளத்தையே அசைத்தது. ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் காணொலி விசாரணைக்கு நெறிமுறை வகுத்தது. சமரசமும் அதே பாதையில் நடந்தது.

தனி அமர்வைப் பொறுத்தவரை மாற்றம் நிறைவானது. ஜூம் செயலியின் பிரேக்அவுட் அறையில் ஒரு தரப்புடன் பேசிவிட்டு, சமரசர் நொடியில் மறு தரப்பிடம் போகலாம். இருவரும் வராந்தாவில் முறைத்தபடி காத்திருக்கத் தேவையில்லை. துபாயில் வேலை பார்ப்பவருக்காக வாய்தா கேட்கவும் வேண்டியதில்லை. கணவனுக்கு அஞ்சும் பெண், அவன் இருக்கும் கட்டடத்துக்கே வராமல் பேசலாம். இவை சில்லறை ஆதாயங்கள் அல்ல.

ஆனால் இந்த வசதியே கூட்டு அமர்வைச் சுருக்கியது. எளிதாகப் பிரிக்க முடிவதால் சீக்கிரம் பிரிக்கத் தோன்றும். பேச்சை வளர்க்க வேண்டிய சமரசர், தொகையைச் சுமந்து போய்வரும் தூதராகிவிடுவார்; தரப்பினரே முடிவெடுக்கும் முதல் நெறி தளரும். கடன், ஒப்பந்தத் தகராறுகள் இதைத் தாங்கும். விவாகரத்தும் பாகப்பிரிவினையும் தாங்கா.

இரண்டாம் நெறியில் சரிவு இன்னும் பெரிது. மையத்தில் கதவைச் சாத்தினால் ரகசியம் உறுதி. வீட்டிலோ கேமரா ஒரு முகத்தை மட்டுமே காட்டும். கேள்விக்குப் பதில் சொல்லுமுன் ஒரு பெண்ணின் பார்வை பக்கவாட்டில் போய் மீள்கிறது. அங்கே நிற்பது மாமியாரா, அண்ணனா, யாருமே இல்லையா? சமரசரால் தயக்கத்தைப் பார்க்க முடியும். அதன் காரணத்தைப் பார்க்க முடியாது. நடுநிலையும் தப்பவில்லை. ஒருவருக்கு மடிக்கணினியும் அருகில் வக்கீலும், மற்றவருக்கு இரவல் போனும் தீரப்போகும் டேட்டாவும் என்றால், இணைப்பு அறுந்த மௌனம் பிடிவாதமாகவே படும்.

இரு தரப்பினருக்கும் சமரசருக்கும் அடுத்த நான்காம் தரப்பு தொழில்நுட்பம் என்று, இணையவழித் தகராறுத் தீர்வை ஆராய்ந்த ஈதன் காட்ஷும் ஜேனட் ரிஃப்கினும் 2001-லேயே வரையறுத்தார்கள். அவசரத்தில் நடந்த தழுவலோ அதை வெறும் சன்னலாகவே கருதியது. பெருந்தொற்றுக்கு முன்பே நீதிமன்றமும் தயங்கியது: மண வழக்குகளில் இணக்க முயற்சி தோற்ற பிறகே, இருவரும் சம்மதித்தால் காணொலியை அனுமதிக்கலாம் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னது. அதற்கு முன் காணொலியை முற்றாக விலக்குவதை ஏற்காத நீதிபதி சந்திரசூட்டின் மாறுபட்ட தீர்ப்பே நடைமுறைக்கு நெருக்கமானது. ஆனாலும் ரகசியம் காக்கப்படுமா என்ற பெரும்பான்மையின் கவலையைப் பெருந்தொற்று ஓரங்கட்டியதே தவிர, அதற்கு விடை சொல்லவில்லை.

சமரசத்துக்கென வந்த 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் பாதி விடை தருகிறது. இணையவழி அமர்வுக்கு அதன் 30ஆம் பிரிவு எழுத்துவழிச் சம்மதம் கேட்கிறது. ஒலி, ஒளிப்பதிவை 22ஆம் பிரிவு தடுக்கிறது. கோட்பாட்டில் குறையில்லை. ஆனால் சம்மதம் தந்தவர் மனம்விட்டுப் பேசும் நிலையில் இருக்கிறாரா என்ற சோதனை அதில் இல்லை. அறையைச் சுற்றிக் கேமராவைக் காட்டச் சொல்வது, காதில் இயர்போன் வைக்கச் சொல்வது, ஆம்-இல்லை என்று பதில் வரும்படி மட்டுமே கேள்வி கேட்டு ஆபத்தை அறிவது: இவை சமரசரின் சொந்த விவேகத்துக்கு விடப்பட்டிருக்கின்றன. விவேகத்தை மட்டும் நம்பும் முறை இன்னும் முறையாகவில்லை.

ஆகவே பணத் தகராறுகளில் திரைவழிச் சமரசம் முழுத் தகுதி பெறுகிறது. குடும்ப வழக்குகளில் அது தொடக்கத் தனி அமர்வுகளுக்கும் தொலைவில் இருப்பவர்களுக்கும் உரியது. கையெழுத்துக்கு முன் ஒரு முறையாவது, ஒவ்வொரு தரப்பினரும் தம் வீட்டாரின் காதுக்கு எட்டாத அறையில் சமரசரைத் தனியே சந்தித்திருக்க வேண்டும். அது நடக்காத உடன்பாட்டை வழக்கு முடிந்ததன் கணக்கில் சேர்க்கலாம். சமரசத்தின் கணக்கில் சேர்க்க முடியாது.