டெல்லி கணேஷ் சேர்த்த சொத்து

கதாநாயகனின் கால்ஷீட்டுக்குத் தயாரிப்பாளர் காத்திருப்பார். குணச்சித்திர நடிகரோ அழைப்புக்குக் காத்திருப்பார். அப்படிக் காத்திருந்தே 400 படங்களுக்கு மேல் நடித்தவர் டெல்லி கணேஷ்.

வல்லநாட்டில் பிறந்து, விமானப்படையில் பத்தாண்டு வேலை பார்த்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்ததால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1977-இல் 'பட்டினப் பிரவேசம்' மூலம் இயக்குநர் பாலசந்தர் அறிமுகப்படுத்தினார்.

'சிந்து பைரவி'யில் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் மிருதங்கக்காரர் அவர்தான். மேடையில் பாடகரிடம் மாட்டிக்கொண்டு விழிக்கிறாரே, அந்த அசட்டு முழியில் குற்றமும் கெஞ்சலும் ஒன்றாக நிற்கும். 'மைக்கேல் மதன காமராஜ'னிலோ பாலக்காட்டுச் சமையல்காரர். சாம்பாரில் மீன் விழுந்த கூத்தில் அவர் சிரிக்கவைக்க முயலவே மாட்டார், நிஜமாகவே பதறுவார். சிரிப்பு நம்முடையது.

பின்னாளில் சின்னத்திரைத் தொடர்களிலும் அதே நிதானம்தான்.

நடிகர்களின் சொத்துக் கணக்கைத் தேடிப் படிக்கிறோம். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது பலரும் நினைவுகூர்ந்தது பங்களாவையோ காரையோ அல்ல, இந்த முகங்களைத்தான். குணச்சித்திர நடிகருக்கு இதைவிடப் பெரிய ஆஸ்தி இல்லை.