எண் போட்ட பைகளும் பறிபோன தேடலும்

லெகோ பெட்டியைப் பிரித்ததும் சிலர் கட்டைகளை நிறவாரியாகக் கூறு கட்டுவார்கள். பார்க்க அழகுதான், வேலைக்கு ஆகாது. கருப்புக் குவியலுக்குள் ஒரு சின்னக் கருப்புத் துண்டைத் தேடிப் பாருங்க, தெரியும். கலந்து கிடக்கும் குவியலில் நிறத்தைக் கண் சட்டென்று பிடித்துவிடும், வடிவத்துக்குத்தான் திணறும். அதனால் வடிவவாரியாகப் பிரிப்பதே சரி.

இப்போது அந்தக் கேள்வியே எழுவதில்லை. பெரிய பெட்டிகளில் எண் போட்ட பைகள் வருகின்றன. ஒன்றாம் பையை உடை, முடி, இரண்டாவதை எடு. வசதிதான், மறுக்கலை. பழைய கையேடுகள் பலவற்றில் எந்தப் படிக்கு என்ன கட்டை வேணும்னுகூடப் போட்டிருக்காது. முந்தைய படத்தோடு ஒப்பிட்டு நாமே கண்டுபிடிக்கணும். அப்படித் தேடும்போதுதான் கட்டைகள் கைக்குப் பழகும். அந்தப் பழக்கம் வாய்க்காதவர் கடைசிப் பக்கம் முடிந்ததும் பொம்மையை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கையேடு காட்டுவது ஒரே விதம். 'லெக் கோட்' என்றால் டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு'. லெகோ என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். கையேட்டின்படி ஒருமுறை கட்டுங்க. அப்புறம் பிரிச்சு, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுங்க. அடுத்து என்ன கட்டுறதுன்னு குவியலைக் கிளறித்தான் பார்க்கணும்.