கத்திரி வெயிலும் தண்ணீர் ஓடும் கணினியும்

மே மாதம் விழுப்புரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ஏசி இல்லாத மாடியறை பிற்பகலில் 38 டிகிரியில் கொதிக்கும். கணினிக்கான கஸ்டம் வாட்டர் கூலிங் பற்றிய பேச்சை அந்த அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெயரைக் கேட்டதும் பானைத் தண்ணீரின் குளிர்ச்சி நினைவுக்கு வருகிறது. பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் குளிர்கிறது. கணினியின் மூடிய குழாய்க்குள் அதற்கு வழியில்லை. திண்டிவனம் வழியாக ஓடும் பேருந்தின் இன்ஜினில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது: சூடான இடத்தில் வெப்பத்தை வாங்கிய தண்ணீர், ரேடியேட்டரில் அதைக் காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. அறைக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே தண்ணீரால் இறங்க முடியாது.

சுமக்கும் வேலையைத் தண்ணீர் அருமையாகச் செய்கிறது. ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,180 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில், அதாவது மூடிய குழாய்ச் சுற்றில், 700 வாட் வெப்பம் இறங்கினாலும், ஒரு சுற்றுக்குத் தண்ணீர் இரண்டரை டிகிரிதான் ஏறும். அதனால் குழாய் முதலில் பிராசஸருக்குப் போகட்டுமா, கிராபிக்ஸ் கார்டுக்கா என்று குழம்பத் தேவையில்லை. 450 வாட் வரை இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கார்டில்தான் பலன் கண்கூடாகத் தெரியும். வெப்பம் பெரிய ரேடியேட்டர் பரப்பில் விரிவதால் விசிறிகள் மெதுவாகச் சுற்றினால் போதும். கல்யாண வீடியோவை ரெண்டரில் போட்டுவிட்டு அதே அறையில் படுத்துறங்கும் எடிட்டருக்கு அந்த அமைதி சின்ன விஷயமில்லை.

ஆனால் கணக்கின் மறுபாதி காற்றிடம் இருக்கிறது. மூன்று 120 மி.மீ. விசிறிகள் கொண்ட ஒரே ரேடியேட்டரில் 700 வாட்டை இறக்கினால், தண்ணீர் அறையைவிட 20 டிகிரி வரை மேலே நிற்கலாம். ஏசி அறையின் 24 டிகிரியில் அது 44. நம் மாடியறையில் 58. பரவலாகப் பயன்படும் டி5 பம்புக்குத் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. வளைத்துப் பொருத்தும் பெட்ஜி குழாயும் அந்தச் சூட்டில் நெகிழத் தொடங்கும். ஆகவே இரண்டாவது ரேடியேட்டர் இங்கே ஆடம்பரமல்ல, அவசியம். அதை மாட்டினாலும் 700 வாட் வெப்பம் அறைக்குள்ளேயேதான் கொட்டும். பகல் முழுக்க இஸ்திரிப் பெட்டி எரிவதைப் போல. லூப்புக்கு ஆகும் பணத்தை முதலில் ஏசிக்குப் போடுங்கள் என்றுதான் பலருக்கும் சொல்வேன்.

அடுத்து, எந்தத் தண்ணீர்? உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீர் கெய்சரில் என்ன செய்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேன் தண்ணீரிலும் உப்புகள் மிச்சம் இருக்கும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரே சரியான அடிப்படை. அதிலும் அரிப்புத் தடுப்பானும் பாசி பிடிக்காமல் காக்கும் மருந்தும் சேர்க்க வேண்டும். தூய தண்ணீர் மின்சாரம் கடத்தாது என்ற தைரியம் வேண்டாம். உலோகத்தைத் தொட்டு ஓடும் தண்ணீர் தூய்மையாகவே இருந்துவிடாது. இந்தக் கலையில் மன்னிக்க முடியாத பிழை ஒன்றுண்டு: விலை மலிவு என்று அலுமினிய ரேடியேட்டரை, சிப்பின் மேல் அமர்ந்து வெப்பத்தை வாங்கும் செம்பு பிளாக்கோடு சேர்ப்பது. அலுமினியம் அரித்துப்போகும், கழிவு பிளாக்கின் நுண்வரிகளை அடைக்கும்.

முதல் நாள் பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து 24 மணி நேரம் காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும். அதைச் செய்யாதவர் லூப் கட்டவே கூடாது. லூப்பின் எடையையும் யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படியோர் இரவில், தண்ணீர் நிரம்பிய கனத்த கேபினட்டைத் தரையிலிருந்து அவசரமாகத் தூக்கி மேலே வைப்பது, விசிறிக் காற்றால் மட்டும் குளிரும் ஏர் கூலர் கணினியைத் தூக்குவதைப் போல எளிதல்ல.

கசிந்த ஓ-ரிங் ஒன்றுக்காகச் சென்னை ரிச்சி தெருவரை போவதோ கூரியருக்குக் காத்திருப்பதோ நேர்ந்தால், வைகாசி முகூர்த்தக் காலத்தில் எடிட்டரின் வருமானம் நின்றுவிடும். ஒரே கணினியை நம்பிப் பிழைப்பவருக்கு நல்ல ஏர் கூலரே போதும். இரண்டாவது கணினி வைத்திருப்பவர் துணிந்து கட்டலாம். ஆடியில் கல்யாண வேலை குறைவு. லூப்பை வடித்து, பிளாக்கைத் திறந்து கழுவி, ரேடியேட்டர் தூசியை ஊதி எடுத்து, புதுத் தண்ணீர் நிரப்ப அதுதான் காலம். மார்கழியில் இன்னொரு முறை திறந்து பார்த்துவிட வேண்டும்.