திரையில் தோற்ற பூக்காரி

நாடகம் திரைக்கு வருங்கால் காட்சி பெருகுதல் இயல்பு. கருத்துச் சிறுகுதல் குற்றம். டப்ளின் நகரிற் பிறந்த பேர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ என்னும் இன்பியல் நாடகத்தை 1938இல் திரைப்படமாக்கியோர் இவ்விரண்டனையும் ஒருங்கே செய்தனர்.

1913இல் வியன்னாவில் முதன்முதல் மேடையேறிய அந்நாடகத்தின் கதை எளியது. ஒலியியற் பேராசிரியர் ஹிகின்ஸ், இலண்டன் தெருவிற் பூ விற்கும் எலைசாவின் பேச்சைத் திருத்தி, ஆறு திங்களுள் அவளைச் சீமாட்டியாக்கிக் காட்டுவதாகப் பந்தயமிடுகிறார், வெல்லவும் செய்கிறார். வென்றபின் அவளை என் செய்வது என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்த்தாரல்லர். நாடகத்தின் உயிர் அவ்வினாவிலேயே உளது.

அந்தனி அஸ்குவித்தும் லெஸ்லி ஹவார்டும் இயக்கிய அப்படம், மேடையிற் காட்டப்படாத நடன விருந்தைக் கண்முன் நிறுத்திற்று. ஆண்டு வரும் மொழி வல்லுநன் ஒருவன், எலைசாவின் ஆங்கிலம் குற்றமற்றிருத்தல் கண்டு, அவள் ஆங்கிலப் பெண்ணல்லள், அங்கேரி நாட்டு அரசகுமாரி எனத் துணிகிறான். இந்நகை நாடகக் கருத்தோடு முற்றும் பொருந்துவது. எலைசாவாக நடித்த வென்டி ஹில்லரின் திறமும் போற்றத்தக்கது.

குறை முடிவில் நேர்ந்தது. நாடகத்தில் எலைசா தன் வழி நோக்கிப் பிரிகிறாள். அவள் ஹிகின்ஸை மணந்திலள் என ஷா 1916இல் எழுதிய பின்னுரையிலும் வற்புறுத்தினார். படத்திலோ அவள் திரும்பி வருகிறாள். அவர் முதுகு காட்டியவாறே தம் பாதணி எங்கே என வினவுகிறார். 1964இல் வந்த ‘மை ஃபெயர் லேடி’ படமும் இவ்வழியே சென்றது. தன்னுரிமை பெற்ற பெண் மீண்டும் ஏவற்பெண்ணாக, அரங்கு மகிழ்கின்றது.

இந்தியிற் பாசு சட்டர்ஜி இயக்கிய ‘மன் பசந்த்’ (1980) பூக்காரியைப் பல்துலக்குங் குச்சி விற்பவளாக்கி, அவளைப் பாடகியாக்க முனையும் ஒருவனிடம் ஒப்படைத்தது. பேச்சின் இடத்தை இசை பற்றிக்கொண்டது. இனிய குரல் இயற்கையின் கொடை. பேச்சோ பிறந்த குடியின் அடையாளம். பின்னதை முன்னதாக மாற்றியவிடத்து ஷா எழுப்பிய சமுதாய வினா மெலிந்தது.

சபரகமுவையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பள்ளிகளில் அவ்வினா மெலிதற்குரியதன்று. கொழுந்து பறிப்போரும் இறப்பர்ப் பால் வெட்டுவோரும் வழங்கும் தமிழிலே பிரட்டு, கவ்வாத்து, லயம் முதலிய சொற்கள் தொழிலோடு ஒட்டி வளர்ந்தவை. அச்சொற்களோடு பள்ளிக்கு வரும் பிள்ளையை நகைக்கும் ஆசிரியர் ஹிகின்ஸின் வழித்தோன்றலே ஆவர். செந்தமிழ் கற்பித்தல் அவர்தம் கடன். அதனைக் கற்பியாது விடுதல் பிள்ளைக்குச் செய்யும் பெருந்தீங்கு. ஆயினும் கற்பிக்கும் முறையிலே பிழை புகலாகாது.

ஷாவே இதற்கு விடை தந்துள்ளார். தன் உண்மைக் கல்வி ஹிகின்ஸின் ஒலிப்பயிற்சியில் தொடங்கவில்லை என்கிறாள் எலைசா. முதல் நாளிலேயே தன்னை ‘மிஸ் டூலிட்டில்’ என மதித்து விளித்த கேணல் பிக்கரிங்கின் பண்பிலே தொடங்கிற்று என்கிறாள். திரைப்படத்தின் இறுதிக் காட்சி இப்பாடத்தை மறந்தது. வகுப்பறை அதனை மறத்தல் கூடாது. நாவைத் திருத்துமுன் பிள்ளையை மதித்தல் வேண்டும்; மதிக்கப்பட்ட பிள்ளை தன் தாயின் சொல்லை நாணாமலே செந்தமிழும் பயிலும்.