ஓவியத்துக்கு எந்தப் பிரிண்டர்?

பிரிண்டர் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் டிபிஐ எண்தான். ஓவியத்தை நகலெடுக்க நினைப்பவருக்கு அந்த எண் அவ்வளவாக உதவாது. உள்ளே எத்தனை மை, என்னென்ன மை என்று பார்க்க வேண்டும்.

செந்துறை கடைத்தெரு ஜெராக்ஸ் கடைக்கு நான்கு மை டேங்க் பிரிண்டரே தாராளம். ஆதார் நகலும் ஹால் டிக்கெட்டும் பளிச்சென்று வரும். அதிலேயே ஒரு நீர்வண்ண வானத்தை அடித்துப் பார்த்தால் சங்கதி வேறு. நீலம் வெளிறி வெள்ளையில் கரையும் இடத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். வெளிர்நீலத்துக்கென்று தனி மை இல்லாததால், அடர்நீலத்தையே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவிச் சமாளிக்கிறது பிரிண்டர். எப்சன் எல்8050-இல் வெளிர் சியான், வெளிர் மஜென்டா என இரண்டு மைகள் கூடுதலாக இருப்பதால் அதே வானம் வழவழவென்று இறங்குகிறது. முகங்களில் கன்னச் சிவப்பும் திட்டுத் திட்டாக நிற்பதில்லை.

ஆனால் அது ஏ4 தாளோடு சரி. ஏ3 நோட்டில் வரைபவர் எல்18050 பக்கம் போக வேண்டும். இரண்டிலும் ஸ்கேனர் கிடையாது.

பென்சில், கரித்துண்டு ஓவியக்காரர்களுக்கு எல்8180 பொருந்தும். மூன்று வண்ணங்களைக் கலந்து உண்டாக்கிய சாம்பல், டியூப்லைட்டில் சரியாகத் தெரியும். ஜன்னலோரம் கொண்டுபோனால் பச்சையோ சிவப்போ தட்டும். எல்8180-இல் சாம்பல் மை தனியாகவே உண்டு. ஏ3+ வரை அச்சடிக்கும் அந்த இயந்திரத்துக்கு ஏ4 ஸ்கேனர் வைத்ததுதான் பெரிய குறை. பெரிய படத்தைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்டுவதைவிட, மேகமூட்டமான பகலில் வாசலில் நிறுத்தி நேராகப் படம் பிடிப்பதே மேல். தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கு மினுமினுப்பை மட்டும் இவற்றில் எதுவும் தராது. பழுப்பேறிய மஞ்சளாகத்தான் விழும்.

தாளில் கஞ்சம் பிடித்தால் இத்தனை மையும் வீண். 70 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்கடித்துவிடும். நீர்வண்ணத்துக்கு இங்க்ஜெட் பூச்சுள்ள மேட் தாள் வாங்க வேண்டும். கணினியிலும் தாள் வகையை அதற்கேற்ப மாற்ற வேண்டும். எல்8050-இன் மை சாய வகை, வெயிலில் வெளுக்கும். நகலைச் சட்டமிட்டு விற்க நினைப்பவர் நிறமி மைக்கு, உதாரணமாகப் பத்து மைத் தொட்டிகள் கொண்ட கேனன் இமேஜ்பிரோகிராஃப் புரோ-300-க்கு, காசு சேர்ப்பது நல்லது.

மின்வெட்டும் கணக்கில் வர வேண்டும். அச்சடிக்கும்போது கரண்ட் போனால் ஹெட் மூடப்படாமல் நடுவழியில் நின்று காய்ந்துபோகலாம். அதனால் யுபிஎஸ் அவசியம். அணைக்கும்போதும் சுவர் சுவிட்சைத் தொடாமல் பிரிண்டரின் பொத்தானையே அழுத்த வேண்டும். வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அடித்தால் அடைப்பு வரும் வாய்ப்பு குறையும்.

அரியலூரிலோ திருச்சியிலோ பணம் கட்டுமுன், கடைக்காரர் நீட்டும் மாதிரிப் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு, சொந்த ஓவியத்தின் கோப்பைக் கொடுத்து அடிக்கச் சொல்ல வேண்டும். மூலத்தையும் கையோடு கொண்டுபோய், இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு பில் போடச் சொல்லலாம்.